கார் யார் வீட்டில் தூங்கும்?

முடிச்சூர் ரோடு, மேற்குத் தாம்பரம்
4 ஜூன் 2025, புதன்

அன்புள்ள சத்யா,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் ஜெபராஜ் அண்ணனும் சுகம். நீயும் இளமாறனும் சுகம்தானே? கோவளத்தில் உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன சனிக்கிழமை நீ காரில் வைத்துவிட்டுப் போன தாளில் 'முன் இடது டயரில் காற்று இறங்குகிறது' என்று ஒரே வரி. அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டயரில் ஆணி ஏறியிருந்தது, ஒட்டியாகிவிட்டது. போன் செய்தால் 'பேஷன்ட் வீட்டில் இருக்கிறேன்' என்று மெசேஜ் வருகிறது. டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தால் மட்டும்தான் படிக்கிறாய். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் நடுவோடு நம் காருக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. நீங்கள் மாடியிலும் நாங்கள் கீழேயும் வாடகைக்கு இருந்தபோது வாங்கியது. தனியாகக் கார் வாங்க வழியில்லாத இரண்டு வீடு சேர்ந்து ஒரு கார் வாங்குகிறது என்று தெருவே சிரித்தது. புதன் மாலை முதல் சனி மாலை வரை உங்களுக்கு, மற்ற நாள் எங்களுக்கு. பெட்டியில் சீட்டு எழுதி வைக்கும் பழக்கமும் அன்றே வந்தது. நீங்கள் ஊரப்பாக்கத்தில் பிளாட் வாங்கிப் போன பிறகும் இந்த முறை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. சிரித்தவர்களில் மூன்று பேர் இதற்குள் இரண்டு கார் மாற்றிவிட்டார்கள்.

இப்போது ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். மெக்கானிக் கிளட்ச், சைலன்சர், சஸ்பென்ஷன் என்று சொல்லிக்கொண்டே போனார். "நல்லா இருக்கிறது எதுன்னு சொல்லுங்க, சீக்கிரம் முடியும்" என்றேன். "ஹாரன் சூப்பரா கீதும்மா" என்றார்.

கெசியா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து, "பேட்டரி கார் வாங்குங்கம்மா" என்கிறாள். அண்ணன் வேறு ஒன்று சொல்கிறார். அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்கமாட்டேன்: "கூட்டு வண்டி இதோட போதும். நாம தனியா ஒண்ணு வாங்கிக்கலாம்."

நீ என்ன நினைக்கிறாய்? எதுவானாலும் உன்னைக் கேட்காமல் இல்லை.

இன்னொன்று. டிக்கியில் உன் மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர் மறுபடியும் கசிந்திருக்கிறது. சபையில் ரத்தினபாய் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இன்னைக்கு வஞ்சிரமா, சங்கராவா?" என்று கேட்டார்கள். அதுவும் ஜெபத்துக்கு நடுவில்.

அன்புடன்,
சீலி அக்கா


ஊரப்பாக்கம்
7 ஜூன், சனி

அன்புள்ள சீலி அக்கா,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஊருக்கெல்லாம் பிசியோதெரபி பார்க்கிற மகள் சொல்லும் பயிற்சியை மட்டும் அவள் செய்யமாட்டாள். ரத்தினபாய் அக்காவிடம் அது சங்கரா என்று சொல்லுங்கள்.

என்னைக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் என்னைக் கேட்க வேண்டியதில்லை அக்கா. ஆர்சியில் ஜெபராஜ் அண்ணன் பெயர் இருக்கிறது. அவர் முடிவு செய்யலாம்.

நான் இரண்டு வருஷமாக இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கெசியாவின் நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் உங்கள் சம்பந்தி நம் காரைக் காட்டி, "இது யாரோடது?" என்றார். அண்ணன், "நம்ம கார்தான். மாடியில இருந்தாங்களே, பாவம், அவங்களும் ஓட்டிக்கட்டும்னு குடுத்து வச்சிருக்கோம்" என்றார். நான் பின்னால் பூத்தட்டோடு நின்றிருந்தேன். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

பாதி விலை எங்களுடையது. அதிலும் பெரும்பகுதி அம்மா மீன் விற்றுக் கட்டின சீட்டு. அதற்குப் பிறகு எனக்கு உங்கள் வீட்டுப் படி ஏற முடியவில்லை. காரை ஸ்டேஷன் பக்கத்துப் பார்க்கிங்கில் விடலாம் என்று நான் சொன்னது தூரத்துக்காக இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. விற்றுவிட்டுப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம். முறையாக முடியட்டும்.

பேட்டரி கார் நல்லதா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். எத்தனை கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு? வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் இருக்கும் வீட்டுக்கா, இல்லாத வீட்டுக்கா? அதைப் பார்க்காமல் கெசியா சொன்னாள் என்று வாங்காதீர்கள்.

அன்புடன்,
சத்யப்ரியா


முடிச்சூர் ரோடு
11 ஜூன், புதன்

அன்புள்ள சத்யா,

உன் கடிதத்தைப் பார்க்கிங்கிலேயே படித்தேன். நீ எழுதியது எல்லாம் அப்படியே நடந்தது. அதற்கு மேல் நான் சொல்லும் எந்த வார்த்தையும் சாக்காகத்தான் இருக்கும். அதனால் சொல்லவில்லை.

'யாருக்கு' என்று கேட்டாயே, அந்தக் கேள்வியை அண்ணனிடம் அப்படியே போட்டேன். அவர் தனியாக வாங்கும் தீர்மானத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குக் கிளம்பினார். கெசியாவோடு படித்த ஷெர்வின் அங்கே வேலை செய்கிறான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை. விற்பனைக்கு அது குறைதான்.

"அங்கிள், மாசம் எவ்ளோ ஓட்டுவீங்க?"

"நானூத்தம்பது இருக்கும்."

"அவ்ளோதானா?" என்று அவன் முகம் விழுந்துவிட்டது.

கணக்கு இப்படி வந்தது. அதே அளவு பெட்ரோல் காரை விடப் பேட்டரி கார் மூன்று லட்சம் கூட. இந்த வருஷம் சாலை வரி இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் கார் இந்த டிராபிக்கில் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் பெட்ரோல் குடிக்கிறது. பேட்டரி காரை வீட்டு மின்சாரத்தில் ஏற்றினால் ஒரு ரூபாயை ஒட்டி வருமாம். ஆறு ரூபாய் மிச்சம். மூன்று லட்சம் திரும்பி வர ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். எங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்பது வருஷத்துக்கு மேல். பேட்டரிக்கு உத்தரவாதமே எட்டு வருஷம்தான்.

அண்ணன் ரயில்வேயில் கணக்கு எழுதின மனுஷன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இது சின்னக் குடும்பத்துக்கு வேஸ்ட்டு" என்றார். ஷெர்வின், "கேப் ஓட்டுறவங்களுக்கு செட் ஆகும் அங்கிள். இல்லன்னா, ரெண்டு மடங்கு ஓட்டுற வீடா இருக்கணும்" என்றான்.

திரும்பி வரும் வழியில் பெருங்களத்தூர் சிக்னலில் அவரே கேட்டார்: "சத்யா மாசம் எவ்ளோ ஓட்டும்?"

"நீங்கதானே மீட்டரைக் குறிச்சு வைக்கிறீங்க. ஐந்நூத்தம்பது."

சிக்னல் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் நகரவில்லை. மனதில் கூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வீடும் சேர்ந்தால் ஆயிரம். நாலு வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். மீதி வருஷமெல்லாம் லாபம்.

தனியாக என்றால் கட்டாது, சேர்ந்தால் கட்டும். இதை நான் சொல்லவில்லை சத்யா, கணக்கு சொல்கிறது. ஆனால் ஷோரூம் சொல்லும் மைலேஜை நான் நம்பமாட்டேன். ஷெர்வின் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க ஒரு கார் தருகிறேன் என்கிறான். எங்கள் ஓட்டம் கடைக்கும் சபைக்கும். உன் ஓட்டம்தான் உண்மையான ஓட்டம். அடுத்த வாரம் வியாழன், வெள்ளி நீ ஓட்டிப் பார். நல்லதோ கெட்டதோ பார்த்ததை எழுது. வாங்குவதா பிரிப்பதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

இதையாவது எனக்காகச் செய்.

அன்புடன்,
சீலி அக்கா


ஊரப்பாக்கம்
21 ஜூன், சனி

அன்புள்ள சீலி அக்கா,

உங்களுக்காகச் செய்தேன். செய்த பிறகு எனக்காகவும் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. பார்த்தது பார்த்தபடி எழுதுகிறேன். அண்ணனுக்கும் படித்துக் காட்டலாம்.

முதலில் நல்லது. நல்லது நிறைய இருக்கிறது.

வியாழன் காலை கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று ஆறு வீடு. ஜிஎஸ்டி ரோட்டில் மெட்ரோ வேகத்தில் அல்ல, மாட்டு வண்டி வேகத்தில் போனேன். வழக்கமாக அந்த நேரத்தில் இடது கால் கிளட்சை மிதித்து மிதித்து மரத்துவிடும். என் பேஷன்ட்டுகளுக்குச் சொல்லும் பயிற்சியை நானே ராத்திரியில் செய்வேன். இதில் கிளட்சே இல்லை. ஆறாவது வீட்டில் மாடி ஏறும்போது கால் லேசாக இருந்தது. அந்த வீட்டுப் பாட்டியம்மா, "என்னம்மா, இன்னைக்கு நீ நொண்டல?" என்றார். நான் நொண்டுகிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நெரிசலில் நின்றால் பெட்ரோல் கார் குடித்துக்கொண்டே நிற்கும். இது நின்றால் நின்றுவிடுகிறது. பிரேக் அடிக்கிற இடத்தில் கொஞ்சம் சார்ஜ் திரும்பிக்கூட ஏறுகிறது. ஊர்ந்து போகும் ஊருக்கு என்றே யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். யாரோ தெரியாது, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

வெள்ளிக்கிழமை கோவளம். வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் ஏசி போட்டே போனேன். அங்கே அம்மா மீன் கூடையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னாடி, இன்னும் ஸ்டார்ட்டே பண்ல, அதுக்குள்ள நவுருது?"

"ஸ்டார்ட் ஆயிடுச்சும்மா."

"சத்தமே இல்ல. உசுரு கீதா இதுக்கு?"

கொஞ்ச தூரம் போனதும் கதவில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு, "நம்ம சந்துல இத்த ஓட்டிகினு வந்தா கோழிங்கோ ஒதுங்காது. ஹாரன் அடிச்சுகினே வா" என்றாள். அம்மாவை அவள் வாசலில் இறக்கிவிட்டு ஊரப்பாக்கம் வந்து டிக்கியைத் திறந்தால் ஐஸ் அப்படியே இருக்கிறது. நம் காரில் டிக்கிக்குக் கீழே சைலன்சர் சூடு, அதனால்தான் ஐஸ் உருகிக் கசிந்திருக்கிறது. இத்தனை வருஷம் மீன் பெட்டியில்தான் ஓட்டை என்று நினைத்து நான்கு பெட்டி மாற்றியிருக்கிறேன். ரத்தினபாய் அக்காவுக்கு இனி மீன் பெயர் சொல்ல முடியாது.

இரண்டு நாள் ஓட்டமும் முடிந்து வீடு திரும்பும்போது நாற்பது சதவீதம் மிச்சம். ஷோரூம் சொன்ன தூரம் வராது. அதில் நாலில் மூன்று பங்கு வரும். நம் இரண்டு வீட்டுக்கும் அது போதும், வாரம் இரண்டு முறை ஏற்றினால்.

இனி கெட்டது. ஏற்றுவது எங்கே?

கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது. இரண்டு இயந்திரத்தில் ஒன்று வேலை செய்யவில்லை. வேலை செய்வதற்கு முன்னால் மூன்று கேப். விலையும் வீட்டு மின்சாரத்தைப் போல இரண்டரை மடங்கு. அதை நம்பி வாங்கினால் நீங்கள் போட்ட கணக்கு கவிழ்ந்துவிடும்.

சரி, வீட்டில் ஏற்றலாம் என்று வெள்ளி மாலை முயன்றேன். எங்கள் பிளாட் இரண்டாவது மாடி, கார் கீழே தூண்களுக்கு நடுவில். காய்கறிக்காரரிடம் கூடை இறக்கும் கயிறு இருக்கிறதே, அதில் எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கட்டிப் படுக்கையறை ஜன்னல் வழியாக இறக்கினேன். இளமாறன் மேலே ஏசி பிளக்கில் சொருகினார். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் மேலும் கீழும் கை தட்டினோம். பத்து நிமிஷத்தில் அசோசியேஷன் செகரட்டரி சுப்ரமணியன் சார் வந்துவிட்டார்.

"என்னம்மா, காருக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா?"

"ரெண்டு மணி நேரம் சார். எங்க மீட்டர்லதான் ஓடுது."

"இன்னைக்கு நீங்க. நாளைக்கு இருபத்தி நாலு வீட்டுலயும் ஒயர் தொங்கும். இது அபார்ட்மென்ட்டா, ஆலமரமா?"

போனில் ஒரு ஸ்கூட்டர் எரியும் வீடியோவைக் காட்டினார். அது ஸ்கூட்டர் சார் என்றேன். "நெருப்புக்கு சக்கரத்தை எண்ணத் தெரியுமாம்மா?" என்றார்.

அவரோடு சண்டை போடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நானே கழற்றிவிட்டேன். அவர் பேசிய விதம்தான் பிடிக்கவில்லை, பேசிய விஷயத்தில் தப்பில்லை. முறையாகத் தனி ஒயர் இழுக்க எங்கள் கட்டடத்து மெயின் போர்டையே மாற்ற வேண்டும். அதற்கு இருபத்து நான்கு வீடும் கையெழுத்துப் போட வேண்டும். லிஃப்டுக்குப் பெயின்ட் அடிக்கவே இரண்டு வருஷம் ஆனது.

ஆகவே அக்கா, கார் அருமையான கார். என்னால் வைத்துக்கொள்ள முடியாத கார். பெட்ரோல் வண்டி யார் வீட்டு வாசலிலும் நிற்கும். பேட்டரி வண்டி பிளக் இருக்கும் வீட்டில்தான் தூங்கும். எந்த வீட்டில் தூங்குகிறதோ அது அந்த வீட்டு வண்டி. அப்புறம் நான் உண்மையிலேயே, 'பாவம், ஓட்டிக்கட்டும்' என்று விட்டுவைத்த ஆள்தான். சம்பந்தியிடம் அண்ணன் சொன்னது பொய்யாக இருந்ததால்தான் எனக்கு இத்தனை நாள் தலை நிமிர்ந்து இருக்க முடிந்தது. அது நிஜமாவதை என்னால் பார்க்க முடியாது.

அம்மா இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "இதுலயாவது உன் பேரு போடுவாங்களாடி?"

நீங்கள் வாங்குங்கள். என் சாவியை இந்தக் கடிதத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய காரை விற்றதும் எங்கள் பாதியை இளமாறன் கணக்கில் போட்டுவிடுங்கள்.

பதினைந்து வருஷமாக ஒரு முறைகூடப் பெட்ரோல் இல்லாமல் வண்டியை எனக்கு விட்டதில்லை நீங்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

அன்புடன்,
சத்யா


முடிச்சூர் ரோடு
25 ஜூன், புதன்

அன்புள்ள சத்யா,

உன்னிடம் சாவி இல்லாததால் பார்க்கிங் தயாளனிடம் உன் சாவியையும் இந்தக் கடிதத்தையும் கொடுக்கப்போகிறேன். உன் நாள் புதன்கிழமைதான், பழைய கார் விற்கும் வரை அது உன் நாள்தான். சனிக்கிழமை வண்டி எடுக்கப் போனபோது அவர் என்னைக் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே வண்டிய ஓட்டிகினு கீறீங்கோ. ஒருத்தர் வந்தா ஒருத்தர் இல்ல. சூரியன் சந்திரன் மாரி இன்னாம்மா இது பேஜாரு?" பார்க்கிங் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனி இரவு உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. சம்பந்தி வரியையும் சேர்த்துத்தான்.

முதலில் சிரித்தார். ஆலமரம் வந்த இடத்தில் கண்ணீர் வரச் சிரித்தார். "அந்தப் பொண்ணு ரிப்போர்ட் எழுதியிருக்கிற அழகைப் பாரு. நல்லதை நல்லதுன்னு எழுதியிருக்கு, செகரட்டரி சொன்னது சரின்னும் எழுதியிருக்கு. எங்க ஆபீஸ்ல முப்பது வருஷத்துல ஒருத்தன் இப்படி எழுதினதில்ல" என்றார். பிறகு சம்பந்தி வரி வந்தது. சிரிப்பு நின்றது. நான் படித்து முடித்துச் சாவியை மேஜை மேல் வைத்தேன்.

எழுந்து வெளியே போய்விட்டார். வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. உள்ளே வந்து அளக்கிற டேப்பைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போது நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஆர்சி ஒரு பேர்லதான் போட முடியும்."

"தெரியும்."

"போன தடவை நம்ம பேர்ல போட்டோம்."

"ஆமா."

"அப்போ இந்தத் தடவை அவங்க பேர்ல போடணும். அதானே முறை?"

நான் இதே வார்த்தையை எப்படிச் சொல்வது என்று உன் கடிதத்தைப் படித்த நேரத்திலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன் சத்யா. அவர் முந்திக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை இப்படி ஒரு நாள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அவர் உடனே, "பிளக் மட்டும் நம்ம சுவத்துலதான் இருக்கும். அதுல மாத்தமில்ல" என்று விறைப்பாகச் சொன்னார். ஏதோ நீ அதையும் கேட்டுவிட்டதைப் போல.

ஆகவே இதுதான் எங்கள் யோசனை. பெயர் உன்னுடையது. பிளக் எங்களுடையது. நீ இல்லாமல் எங்களால் அதை விற்க முடியாது, இன்சூரன்ஸ்கூட எடுக்க முடியாது. நாங்கள் இல்லாமல் உன்னால் அதை ஓட்ட முடியாது. யாரும் யாருக்கும் விட்டுவைத்ததாகாது.

மின் கட்டணத்தையும் விசாரித்துவிட்டேன். கார் ஏற்றினால் எங்கள் வீடு இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் மொத்தத்துக்கும் வேறு கட்டணம். தனி இணைப்பு எடுக்கலாமா என்று அண்ணன் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்பது ஒன்றரை ஆகலாம். அப்போதும் நாலரை, ஐந்து வருஷத்துக்குள் கணக்கு நிற்கிறது.

வேண்டாம் என்றால் சாவியை மறுபடி பெட்டியில் வை. நான் புரிந்துகொள்வேன். ஆனால் ஒரு வரியில் எழுதாதே.

அன்புடன்,
சீலி அக்கா


ஊரப்பாக்கம்
28 ஜூன், சனி

அன்புள்ள சீலி அக்கா,

சாவி என்னிடம்தான் இருக்கிறது.

புதன்கிழமை உங்கள் கடிதத்தைப் பார்க்கிங்கில் நின்று படித்தேன். தயாளன் ஓடி வந்து, "இன்னா மேடம், எதுனா கெட்ட சேதியா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ ஏன் அழுதுகினு கீறீங்கோ? வண்டிய எடுங்க, பின்னால ஆள் நிக்குது" என்றார்.

ஆர்சியை நான் கேட்கவில்லை அக்கா. ஆனால் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நல்லவளும் இல்லை. வெள்ளிக்கிழமை கோவளத்தில் அம்மாவிடம் சொன்னேன். "அந்த ரயில்வேக்காரரா சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு கிலோ வவ்வால் மீன் எடுத்துச் சுத்தம் செய்து கொடுத்தாள். டிக்கியில் இருக்கிறது. அண்ணனுக்கு. இந்தக் காரில் அனுப்பும் கடைசி மீன், கசிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பக்கத்து நிபந்தனைகள்.

பிளக்குக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டர் வைக்க வேண்டும். யார் எவ்வளவு ஓட்டினார்களோ அவ்வளவு யூனிட். இதில் பாசம் வேண்டாம். பாசம் காட்டினால் ஐந்தாவது மாதம் மனக்கசப்பு வரும்.

பிளக்கை அண்ணன் எந்த உயரத்தில் அளந்தார்? உங்கள் கேட் தூணில் 2015 வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு முழம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்த நாளில் கார் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. முழுதாக ஏற்றிக்கொண்டு எங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும், இங்கே மேடு. வருஷத்தில் அந்த நாலு நாள் அது ஊரப்பாக்கத்தில் தூங்கட்டும். சுப்ரமணியன் சார் தூங்குவதற்கு ஒன்றும் சொல்லமாட்டார், சாப்பிடத்தான் கூடாது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. இனி காரைப் பார்க்கிங்கில் விட்டு எடுக்க முடியாது. சனிக்கிழமை நான் கொண்டுவந்து விடும்போது அதைப் பிளக்கில் மாட்ட வேண்டும், புதன்கிழமை பிளக்கிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஷெர்வின் இது மெதுவாகத்தான் ஏறும், பாதியிலிருந்து நிரம்ப நாலைந்து மணி நேரம் என்கிறான். முன்பே ஏற்றி வைக்காவிட்டால் நான் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இந்தக் காரில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான் என்று முதலில் நினைத்தேன்.

அன்புடன்,
சத்யா


முடிச்சூர் ரோடு
6 ஆகஸ்ட், புதன்

அன்புள்ள சத்யா,

இந்தக் கடிதத்தைப் புதுக் காரின் பெட்டியில் வைக்கப்போகிறேன். முதல் கடிதம். நீ நாளை ஏதாவது பேஷன்ட் வீட்டு வாசலில் திறந்து படிப்பாய். எழுதுவது காருக்குள் உட்கார்ந்து. நீ உள்ளே ஹாலில் அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறாய். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கிறது. இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன் எதிரில் சொன்னால் அவருக்குக் கூச்சம். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தி குடும்பத்தோடு சபைக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் காரைச் சுற்றி வந்து பார்த்தார். பேட்டரி வண்டியா, எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு செலவு என்று கேள்விகள். அண்ணன் உன் ரிப்போர்ட்டை அப்படியே ஒப்பித்தார், ஐஸ் உருகாத கதை உட்பட. கடைசியில் அவர், "பிரமாதம். எப்ப வாங்குனீங்க?" என்றார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நாங்க வாங்கல. இது சத்யப்ரியாவோட கார். ஊரப்பாக்கத்துல இருக்காங்க. பாவம், நீங்களும் ஓட்டிக்கங்கன்னு எங்களுக்குக் குடுத்து வச்சிருக்காங்க."

சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தினபாய் அக்காவுக்கும் புரியவில்லை, அவர்கள் டிக்கியை முகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை இரவே ஏற்றி வைத்திருக்கலாம். நீ வருவதற்குள் முழுதாக நிரம்பியிருக்கும். அண்ணன் நேற்று பிளக்கைக் கையில் எடுத்தார். நான்தான், "நாளைக்கு சத்யா வந்ததும் போடலாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். பிறகு கேட்காமல் பிளக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

திரையில் இப்போது ஐம்பத்தெட்டு சதவீதம். நீ உள்ளேயிருந்து, "அக்கா, ஏறிடுச்சா?" என்று கத்துகிறாய்.

இன்னும் நேரமிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
சீலி அக்கா